பெங்குயினை வீட்டுக்குள்ள விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு ஓரமா ரெண்டே வரி தான் எழுதியிருந்தேன், விண்டோஸ் 11 ஏத்த முடியாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க, லினக்ஸ்ங்குற இலவச ஓஎஸ்ஸை (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரையே ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர், பெங்குயின் தான் இதோட சின்னம்) போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம்னு. அதுக்கு வந்த மெயிலைப் பார்த்தா பாதி கேள்வி, மீதி திட்டு. திட்டுலயும் ரெண்டு கட்சி, "உங்க பேச்சைக் கேட்டு ஒரு ஞாயித்துக்கிழமை நாசமா போச்சு"ன்னு ஒரு கட்சி, "இதை இவ்ளோ லேட்டாவா சொல்வீங்க"ன்னு இன்னொரு கட்சி. அதனால இந்த இதழ் முழுக்க லினக்ஸ் தான், வேற கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கே: இலவசமா கிடைக்குது, பழைய மெஷின்லயும் ஓடுது, லைசென்ஸ் தொல்லை இல்ல. இவ்ளோ நல்லதுன்னா என்னைச் சுத்தி ஏன் சார் ஒருத்தர் கூட அதை யூஸ் பண்ணல?

ப: யூஸ் பண்றாங்க, அவங்களுக்கே தெரியாது, அவ்ளோ தான். ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடுற கெர்னல், அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதி, லினக்ஸ், வீட்டு மூலையில லைட்டு மினுக்கிட்டு உக்காந்திருக்குற ரவுட்டர்லயும் பெரும்பாலும் அதே தான், 2017 நவம்பர்ல இருந்து உலகத்தோட டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தா 500-ம் லினக்ஸ். மேஜை மேல இருக்குற கம்ப்யூட்டர் மட்டும் தான் பிடி குடுக்க மாட்டேங்குது.

ஏன்னா ஓஎஸ்ஸை யாரும் தேர்ந்தெடுக்கறதே கிடையாதுங்க. லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்போம், கலரு, ரேம், எடை எல்லாம் பார்ப்போம், உள்ள என்ன இருக்கோ அது கூடவே வந்துடும், வீடு வாங்குனா சுவிட்ச் போர்டும் சேர்ந்து வர்ற மாதிரி. சுவிட்ச் போர்டு பிடிக்கலன்னு வீட்டை இடிக்கிறவங்க எத்தனை பேரு? லினக்ஸ் போடணும்னா மட்டும் பயாஸுக்குள்ள (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற அமைப்பு) போய் பூட் ஆர்டரை, அதாவது எதுல இருந்து ஆரம்பிக்கணும்ங்குற வரிசையை மாத்தி, டிஸ்கைப் பிரிச்சுன்னு, விண்டோஸ் வச்சிருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க வாழ்நாள்லயே செஞ்சிராத ஒரு வேலையைச் செய்யணும். விண்டோஸையே காலி டிஸ்க்ல நீங்களா போட்டுக்கோங்கன்னு குடுத்தா அதையும் பாதிப் பேரு கஷ்டம்னு தான் சொல்வாங்க.

இது தானா அமைஞ்சதுன்னும் சொல்ல முடியாது. ஒரு காலத்துல மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டர் கம்பெனிங்ககிட்ட போட்ட ஒப்பந்தத்துல, விக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் காசு குடுத்துடணும், உள்ள அவங்க ஓஎஸ் இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரின்னு ஒரு வழி இருந்தது, அப்புறம் எந்தக் கம்பெனி வேற ஓஎஸ் போட்டு விக்கும்? 1994-ல அமெரிக்க நீதித்துறை தலையிட்டு தான் அதை நிறுத்துச்சு. 2007-ல அசுஸோட குட்டி லேப்டாப் ஈ பிசி லினக்ஸோடயே கடைக்கு வந்தது, ஜனங்க வாங்கவும் செஞ்சாங்க. 2008-ல மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரி சின்ன மெஷினுக்கு மட்டும் எக்ஸ்பி தொடர்ந்து குடுப்போம்னு இறங்கி வந்துச்சு, கொஞ்ச நாள்லயே லினக்ஸ் மாடல்லாம் கடையை விட்டு காணாமப் போச்சு. குரோம்புக்கைப் பாருங்க, அதுக்குள்ளயும் லினக்ஸ் தான், ஆனா யாரோ முன்னாடியே போட்டு, எல்லாம் வேலை செய்யுதான்னு பார்த்துட்டுக் குடுக்குறாங்க, அதனால எந்தக் கேள்வியும் இல்லாம பிள்ளைங்க யூஸ் பண்ணுதுங்க. கஷ்டம்லாம் வாசப்படியில தாங்க இருக்கு, வீட்டுக்குள்ள போயிட்டா அவ்ளோ இல்ல.

கே: உங்க பேச்சைக் கேட்டு ஆசையா போட்டேன். வைஃபை வரல. என்னன்னு தேடினா டிரைவரை (வைஃபை சிப்பை ஓஎஸ்ஸோட பேச வைக்குற சாஃப்ட்வேர்) நெட்டுல இருந்து இறக்கணுமாம். வைஃபையே இல்லாம நெட்டுக்கு எங்க போறது? பூட்டுன வீட்டுக்குள்ள சாவியை வச்ச கதையா இருக்கே!

ப: முதல்ல மன்னிச்சுக்கோங்க, சிரிச்சுட்டேன். ஏன்னா நானும் அந்தப் பூட்டுன வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன்.

உடனடி வைத்தியம்: ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல சொருகி யுஎஸ்பி டெதரிங் (போன் நெட்டை லேப்டாப்புக்குக் குடுக்குற வசதி) ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் எந்த டிரைவரும் கேக்காம நெட் வந்துடும், அதை வச்சு வைஃபை டிரைவரை இறக்கிக்கலாம். லினக்ஸ்ல பல வகை உண்டு, அதுல மின்ட், உபுண்டு ரெண்டுலயும் டிரைவர் மேனேஜர் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுவே கண்டுபிடிச்சு போட்டுக்கும்.

ஏன் இப்படின்னா, விண்டோஸ்ல டிரைவர் எழுதுற வேலையை அந்த ஹார்ட்வேர் செஞ்ச கம்பெனியே பார்த்துக்கும், ஏன்னா அங்க தான் வியாபாரம். லினக்ஸ்ல பெரும்பாலான டிரைவர் கெர்னலோடயே சேர்ந்து வரும், அதனால தான் பல பொருள் சொருகின உடனே வேலை செய்யும். ஆனா சில கம்பெனிங்க சிப் விவரத்தையும் குடுக்காது, தன் டிரைவரைத் திறந்தும் விடாது. பிராட்காம் வைஃபை சிப் இதுக்குப் பேர் போனது. என்விடியா கிராஃபிக்ஸ் கதை இன்னும் பெருசு, 2012-ல ஃபின்லாந்துல ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்துல லினக்ஸை உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே மேடையில கேமராவைப் பார்த்து அந்தக் கம்பெனிக்கு நடுவிரலைக் காட்டினாரு, அவ்ளோ கடுப்பு. பத்து வருஷம் கழிச்சு 2022-ல தான் என்விடியா தன் கெர்னல் பக்க டிரைவரைத் திறந்து விட்டுச்சு. கைரேகை ரீடர்ல சிலது இன்னும் சுத்தமா வேலை செய்யாது. பிரின்ட்டர் தான் ஆச்சரியம், கடந்த சில வருஷத்துல வந்த நெட்வொர்க் பிரின்ட்டர்னா பெரும்பாலும் டிரைவரே இல்லாம பிரின்ட் எடுக்கும், பழைய லேசர்ல சில மாடல் மட்டும் உயிரை வாங்கும்.

ஆனா ஒண்ணு, உங்ககிட்டயும் கோவம் இருக்கு. இன்ஸ்டால் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல இருந்தே லைவ்வா ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்ல ஒரு எழுத்து கூட மாறாது. அதுல வைஃபை, சவுண்டு, கேமரா, ப்ளூடூத், மூடி வச்சா தூங்கி எழுந்திருக்குதா எல்லாம் அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும். நீங்க அதைப் பார்க்காம நேரா தாலி கட்டிட்டீங்க.

கே: எந்த லினக்ஸ்? லிஸ்ட்டைப் பார்த்தாலே மயக்கம் வருது.

ப: மின்ட்.

(இந்த ஒத்தை வார்த்தைக்கு அடுத்த இதழ்ல எனக்கு நூறு திட்டு வரும். ஃபெடோரா ஏன் இல்ல, டெபியன் ஏன் இல்ல, அது பழசு இது புதுசுன்னு. இந்தச் சண்டை தான் புதுசா வர்றவங்களை வாசல்லயே திருப்பி அனுப்புது. 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும், 4 இருந்தா நல்லா ஓடும், மெனு கீழ இடது பக்கம் இருக்கும், போதும்.)

கே: விண்டோஸை அழிக்காம பக்கத்துலயே லினக்ஸும் போட்டேன். இப்போ விண்டோஸ்ல போனா கடிகாரம் சில மணி நேரம் தள்ளி காட்டுது. தம்பி மெஷின்ல இன்னும் மோசம், ஏதோ 48 நம்பர் சாவி கேட்டு நிக்குது. எதைக் கெடுத்தோம்?

ப: எதையும் கெடுக்கல. கடிகார விஷயம் இது தான்: போர்டுல இருக்குற கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரம்னு எடுத்துக்கும், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி திருத்துறாங்க, ஒரே கடிகாரத்துக்கு ரெண்டு முதலாளி. லினக்ஸை உள்ளூர் நேரத்தையே பார்க்கச் சொல்லி ஒரே ஒரு கமாண்ட்ல மாத்திடலாம்.

தம்பிக்கு வந்தது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்குற விண்டோஸ் வசதி. இப்போ வர்ற லேப்டாப்ல டிஸ்க் என்கிரிப்ஷன் கேக்காமலே ஆன் ஆகி இருக்கும், பூட் அமைப்புல ஏதாவது மாறினா யாரோ திருடன் கை வச்சுட்டான்னு நினைச்சு ரெக்கவரி சாவி கேக்கும். அவரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் பார்க்கச் சொல்லுங்க, பெரும்பாலும் அங்க இருக்கும். இனிமே போடப்போறவங்க முதல்ல அந்தச் சாவியை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு தான் மத்ததைத் தொடணும். கூடவே விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ் முழுசா தூங்காம அரைக்கண் திறந்து படுத்திருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவ்ல எதையும் எழுத முடியாது. இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே தெரியலன்னு சிலர் எழுதியிருக்கீங்க, அது இன்டெல் ஸ்டோரேஜ் மோடு விவகாரம், பயாஸ்ல சட்டுனு மாத்தினா விண்டோஸ் நீலத் திரையில நின்னுடும், விஷயம் தெரிஞ்சவங்க யாரையாவது பக்கத்துல வச்சுக்கிட்டு செய்யுங்க.

இதெல்லாம் எழுதிட்டு நானே திரும்பப் படிச்சுப் பார்க்குறேன், மனசாட்சியோட சொல்லணும்னா, பாட்டு கேட்டு மெயில் பார்க்குற ஒரு மனுஷன் எதுக்கு இவ்ளோவையும் தெரிஞ்சுக்கணும்?

கே: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். லிப்ரே ஆஃபீஸ்ல (வேர்டு, எக்செல் மாதிரி இலவச சாஃப்ட்வேர்) அழகா டைப் பண்ணி அனுப்பினா அந்தப் பக்கம் திறக்குறவங்களுக்கு பக்கம் எல்லாம் கலைஞ்சு போகுது. அவங்க அனுப்புறது எனக்கும் அப்படியே. என் தப்பா?

ப: உங்க தப்பு இல்லீங்க ஐயா, பாதிக்கு மேல ஃபான்ட் தப்பு. 2007-ல இருந்து ரொம்ப வருஷத்துக்கு வேர்டுல தானா வர்ற ஃபான்ட்டா காலிப்ரி இருந்தது, அது மைக்ரோசாஃப்ட் சொத்து, லினக்ஸ்ல இருக்காது, அதனால வேற ஃபான்ட் வந்து உக்காரும், எழுத்து அகலம் மாறும், வரி மடியும், பக்கம் சரியும். கார்லிட்டோன்னு ஒரு ஃபான்ட் இருக்கு, காலிப்ரியோட அதே அகலத்துல செஞ்சது, கேம்ப்ரியாவுக்கு பதில் கலாடியா, ரெண்டையும் போட்டுக்கோங்க, பாதிப் பிரச்சனை அதோட போயிடும். அவங்க திருத்த வேண்டாத கடிதம்னா பிடிஎஃப்பா அனுப்பிடுங்க.

மீதிப் பாதிக்கு மருந்து கிடையாது. லிப்ரே ஆஃபீஸோட ஓபன் டாக்குமென்ட் ஃபைல் வடிவம் 2006-லயே உலக அளவுல ஒத்துக்கிட்ட ஐஎஸ்ஓ தரம் ஆயிடுச்சு, மைக்ரோசாஃப்ட்டோடது 2008-ல ஆச்சு, காகிதத்துல ரெண்டும் தரம் தான், ஆனா ஊரே ஒண்ணுல எழுதுறப்போ இன்னொண்ணுல எழுதுறவர் தான் எப்பவும் விளக்கம் சொல்லணும். எக்செல்ல மேக்ரோ (தானா வேலை செய்யுற சின்ன புரோகிராம்) வச்சு ஓடுற பெரிய ஷீட்டை நம்பி வேலை பார்க்குறவங்க யாராவது இருந்தா, நான் லினக்ஸுக்கு வாங்கன்னு கூப்பிடவே மாட்டேன்.

கே: போட்டோஷாப், ஆட்டோகேட், அப்புறம் கேம். மூணும் வேணும். ஒயின் போட்டா எல்லாம் ஓடும்னு ஃப்ரெண்டு சொல்றான்.

ப: ஃப்ரெண்டு மூணையும் ஓட்டிக் காட்டினாரான்னு கேளுங்க.

ஒயின் விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட வைக்குற ஒரு ஏற்பாடு, ஆயிரம் சின்ன சாஃப்ட்வேர் அதுல ஓடும், உங்க சோறு எதை நம்பி இருக்கோ அது மட்டும் ஓடாது, இல்லன்னா ஓடிட்டு டெட்லைனுக்கு முந்தின நாள் நிக்கும். போட்டோஷாப்புக்கும் ஆட்டோகேடுக்கும் லினக்ஸ் பதிப்பே இல்ல. கிம்ப் இருக்கே, கிரிட்டா இருக்கேன்னு சொல்லலாம், ரெண்டும் நல்ல சாஃப்ட்வேர், ஆனா பத்து வருஷமா கை பழகின ஷார்ட்கட்டை மறந்துட்டு புதுசா கத்துக்கோன்னு நான் உங்களுக்குச் சொல்ல என்ன உரிமை இருக்கு?

கேம் விஷயத்துல தான் நிலைமை தலைகீழா மாறியிருக்கு. 2018-ல ஸ்டீம்ங்குற ஆன்லைன் கேம் கடையை நடத்துற வால்வ் கம்பெனி, ஒயினை வச்சு விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற புரோட்டான் கொண்டு வந்தது, 2022-ல லினக்ஸ்ல ஓடுற ஸ்டீம் டெக்னு கையடக்க கேம் மெஷின் வித்தாங்க, இப்போ ஸ்டீம்ல இருக்குற பெரும்பாலான கேம் கண்ணை மூடிட்டு ஓடும். மாட்டிக்கிறது ஆன்லைன் போட்டி கேம்ல, வேலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி, ஏமாத்துறவங்களைப் பிடிக்க அதுங்க வச்சிருக்குற ஆன்ட்டி சீட் லினக்ஸை ஏத்துக்காது. அபெக்ஸ் லெஜன்ட்ஸ் ஓடிட்டு இருந்தது, 2024 அக்டோபர் கடைசியில அவங்களும் லினக்ஸ்காரங்களை வெளிய அனுப்பிட்டாங்க. மூணும் வேணும்னா மாறாதீங்க, அவ்ளோ தான். இதுல அவமானம் ஒண்ணும் இல்ல.

கே: லினக்ஸ் கஷ்டம்னு சொல்றவங்க சோம்பேறிகள். டெர்மினல்ல (கமாண்டை டைப் பண்ற விண்டோ) நாலு கமாண்ட் கத்துக்க முடியாதவங்க கம்ப்யூட்டரே தொடக்கூடாது. நீங்க இவங்களைச் செல்லம் குடுத்து கெடுக்குறீங்க.

ப: வாங்க வாங்க, உங்களைத் தான் தேடிட்டு இருந்தேன். லினக்ஸ் பரவாம இருக்குறதுக்கு வைஃபை சிப்புக்கு அடுத்த காரணம் நீங்க தான்.

2021-ல நடந்த ஒரு விஷயம் சொல்றேன். லினஸ் செபாஸ்டியன்னு ஒருத்தர் (மேல சொன்ன டோர்வால்ட்ஸ் இல்ல, இவர் கம்ப்யூட்டர் பார்ட்ஸை விமர்சனம் பண்றதையே தொழிலா வச்சிருக்குற யூட்யூபர்), பாப் ஓஎஸ்ங்குற லினக்ஸ் வகையைப் போட்டு அதுல ஸ்டீமை இன்ஸ்டால் பண்ணப் பார்த்தாரு. பட்டனை அமுக்கினா எரர் வந்தது, நீங்க சொல்ற மாதிரி டெர்மினலுக்குப் போய் கமாண்ட் அடிச்சாரு, பேக்கேஜ்ல இருந்த ஒரு பிழையால சிஸ்டம் டெஸ்க்டாப்பையே தூக்கப் போறேன்னு எச்சரிக்கை காட்டி, "ஆமா, நான் சொல்றபடி செய்"ங்குற அர்த்தத்துல ஒரு வரியை முழுசா டைப் பண்ணச் சொல்லுச்சு, மனுஷன் டைப் பண்ணிட்டாரு, டெஸ்க்டாப் போயே போச்சு. உடனே உங்க ஆளுங்க கிளம்பிட்டாங்க, படிக்காம அமுக்குனது அவர் தப்புன்னு. ஆனா பாப் ஓஎஸ் செஞ்சவங்க அப்படிச் சொல்லிட்டு நிக்கல, இனிமே யார் டைப் பண்ணாலும் அப்படித் தூக்க முடியாத மாதிரி மாத்தினாங்க. யார் லினக்ஸுக்கு நல்லது செஞ்சாங்கன்னு நீங்களே பாருங்க.

பஸ்ல ஏறுறவங்க எல்லாருக்கும் இன்ஜின் பிரிக்கத் தெரியணுமா என்ன? ஒரு ஃபைலைக் காப்பி பண்ணத் தெரியாம தான் கேக்குறாங்க, அதுக்கு "மேனுவலைப் படி"ன்னு ஒத்தை வரி பதில். அவங்க மேனுவலைப் படிக்க மாட்டாங்க சார், திரும்ப விண்டோஸுக்குப் போயிடுவாங்க, போயிட்டு பத்து பேருக்கிட்ட சொல்வாங்க.

கே: வயசான அப்பா அம்மாவுக்குப் போட்டுக் குடுக்கலாமா?

ப: சத்தியமா சொல்றேன், அவங்களுக்குத் தான் லினக்ஸ் நல்லா செட் ஆகும். பிரவுசர், வீடியோ கால், போட்டோ, இதைத் தாண்டி ஒண்ணும் வேணாம்னா கீழ என்ன ஓஎஸ்னே அவங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. நடுவுல இருக்குற நம்மள மாதிரி ஆளுக்குத் தான் கஷ்டம், பத்து சாஃப்ட்வேரைப் பழகி வச்சிருப்போம், எதையும் விட மனசு வராது.

ஆனா என் பெரியம்மா கதையைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. மின்ட் போட்டு, பிரவுசரைக் கீழ பெருசா வச்சு, எழுத்தைப் பெருசு பண்ணிக் குடுத்தேன். ஒரு வருஷம் ஒரு போன் கால் இல்ல. அவங்க மெஷினைத் தூக்கிப் போட்டுட்டாங்களோன்னு கூட நினைச்சேன், இல்ல, தினமும் யூஸ் பண்ணிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் சவுண்டு வரல. நான் வெளியூர்ல. தெரிஞ்ச பையன் ஒருத்தனைக் கூப்பிட்டிருக்காங்க, அவன் வந்து பார்த்து "இது என்னம்மா தெரியாத எதையோ போட்டு வச்சிருக்காங்க"ன்னு சொல்லி சுத்தமா அழிச்சு விண்டோஸ் ஏத்திட்டுப் போயிட்டான். நல்ல வேளை, போட்டோ எல்லாம் என்கிட்ட ஒரு காப்பி இருந்தது. சவுண்டு ஏன் வரலன்னா, ஹெட்ஃபோன் பாதி சொருகி இருந்திருக்கு.

அதனால போட்டுக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு யோசிங்க, அடுத்து ஏதாவது ஆனா அவங்க யாரைக் கூப்பிடுவாங்க? நீங்க தான்னா போடுங்க, டைம்ஷிஃப்ட்டை ஆன் பண்ணி வச்சுடுங்க, ஏதாவது சொதப்பினா முந்தின நாள் நிலைமைக்குத் திருப்பிடலாம். நீங்க எடுக்க மாட்டீங்கன்னா விட்டுடுங்க.

கே: தனி ஆளை விடுங்க, அரசாங்கமே மாறினா எல்லாரும் மாறிடுவாங்களே?

ப: ஜெர்மனியில மியூனிக் நகராட்சி அதைத் தான் செஞ்சுது. 2003-ல முடிவு எடுத்தாங்க, அப்போ மைக்ரோசாஃப்ட் தலைவரா இருந்த ஸ்டீவ் பால்மர் நேர்ல போய் மேயரைப் பார்த்தும் கேக்கல. பல வருஷம் பாடுபட்டு ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டரை லினக்ஸுக்குக் கொண்டு வந்தாங்க. 2017-ல அதே நகர மன்றம் திரும்ப விண்டோஸுக்கே போறதா ஓட்டு போட்டுச்சு. வெளிய இருந்து வர்ற டாக்குமென்ட் கலையுது, இந்த சாஃப்ட்வேர் ஓடல, அது ஓடலன்னு நம்ம ஆசிரியர் ஐயா சொன்ன அதே புகார் தான், கூடவே அரசியலும்.

பிரான்ஸ்ல ஜெண்டார்மெரின்னு ஒரு காவல் படை இருக்கு, அவங்க அமைதியா வேற வழியில போனாங்க. 2005-ல விண்டோஸ்லயே ஓபன் ஆஃபீஸைப் போட்டாங்க. அடுத்த வருஷம் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், மெயிலுக்கு தண்டர்பேர்டு. எல்லாருக்கும் கை பழகினதுக்கு அப்புறம் 2008-ல தான் அடியில இருந்த ஓஎஸ்ஸை உபுண்டுவுக்கு மாத்த ஆரம்பிச்சாங்க, மேல இருந்த சாஃப்ட்வேர் அதே தான், அதனால அலறல் இல்ல. 2024-ல ஜெர்மனியோட ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கம்ப்யூட்டரை மாத்தப் போறதா அறிவிச்சப்போ அவங்களும் முதல்ல லிப்ரே ஆஃபீஸ்ல தான் கை வச்சாங்க.

வீட்டுலயும் இதையே செய்ங்க. இப்போ இருக்குற விண்டோஸ்லயே லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி மூணையும் போட்டு மூணு மாசம் அதுல மட்டும் வேலை பாருங்க. முடியுதுன்னா ஓஎஸ்ஸை மாத்துறது ஒரு மத்தியான வேலை. முடியலன்னா எந்த இடத்துல முடியலன்னு பைசா செலவில்லாம தெரிஞ்சுடும்.

கே: விண்டோஸ் 10-லயே இருந்துட்டா என்ன?

ப: 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்னுடுச்சு. பதிவு பண்ணிக்கிட்டா வீட்டு யூஸர்களுக்கு மேற்கொண்டு ஒரு வருஷம், அவ்ளோ தான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்குற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை சிப்பாவது வேணும், நல்லா ஓடிட்டு இருக்குற எத்தனையோ மெஷின் இதுல அடிபடுது. நெட்டே இல்லாம கணக்கு எழுதுற மெஷின்னா இருந்துட்டுப் போகட்டும். பேங்க் வேலை பார்க்குற மெஷின்னா வேணாம்.

கே: தமிழ்ல டைப் பண்ண வருமா?

ப: தாராளமா. ஐபஸ்னு ஒரு கருவி, அதுல எம்17என் தொகுப்பைச் சேர்த்தா தமிழ்99, ஃபொனெடிக் எல்லாம் வரும். யூனிகோடுக்கு முந்தின காலத்து ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைல் மட்டும் கிறுக்கலா தெரியும், அந்த ஃபான்ட் இல்லாத எந்த மெஷின்லயும் அப்படித் தான் தெரியும்.

கே: ஊருக்கு உபதேசம் எல்லாம் சரி, உங்க மெஷின்ல விண்டோஸே இல்லன்னு சத்தியம் பண்ணுங்க பார்ப்போம்.

ப: பண்ண முடியாது. இருக்கு, ஒரு சின்ன பார்ட்டிஷன்ல. ஒரு ஸ்கேனருக்காக. அந்தக் கம்பெனி பேரு வேணாம், லினக்ஸுக்கு டிரைவர் தரவே இல்ல, யாரோ ஒரு புண்ணியவான் எழுதிப் பார்த்து பாதியில விட்டுட்டாரு. ஸ்கேனர் சாகுற அன்னைக்கு அந்தப் பார்ட்டிஷனையும் அழிச்சுடுவேன்னு வீட்டுல சபதம் போட்டு வச்சிருக்கேன். 11 வருஷம் ஆச்சு, சனியன் இன்னும் கல்லு மாதிரி ஓடுது.